ஒப்பரேஷன் திகதி தள்ளிப்போனால்

கொழும்பில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் தியேட்டரில் 19 வருடம் தாதியாக இருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட கிழமை, டொக்டர்மார் சொல்லச் சொல்ல ஒப்பரேஷன் லிஸ்டில் பெயர்களை வெட்டியது என் கைதான். அது எப்படி நடக்கிறது என்று நோயாளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யார் முதலில் பதிந்தார் என்று பார்ப்பதில்லை. காத்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதற்கேள்வி. குடல் அடைப்பு முற்றிக் குடல் அழுகும் ஆபத்து என்றால் உடனே தியேட்டர். புற்றுநோய் பெரும்பாலும் கிழமைக் கணக்கு. கண்புரை, முழங்கால் மாற்று மாதக்கணக்கில் பொறுக்கும். இங்கிலாந்தில் இதையே 24 மணித்தியாலம், 72 மணித்தியாலம், 4 கிழமை, 3 மாதம், அதற்கு மேல் என்று பிரித்தார்கள்.

அடுத்த கேள்வி, அந்த ஒப்பரேஷனுக்கு என்னென்ன தேவை என்பது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் வேண்டுமா? எத்தனை பைந்து இரத்தம்? ஊரடங்கில் இரத்ததான முகாம் ஏது? மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடும்போது கிருமி காற்றில் பரவும் என்ற பயமும் இருந்தது. சிகாகோவில் இப்படியான 21 விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போட்டார்கள். கூட்டுத்தொகை ஏறினால் தள்ளிவைப்பார்கள். கொரோனா வந்து மாறியவருக்கு, அவசரமில்லை என்றால் 7 கிழமை கழித்துத்தான் ஒப்பரேஷன் என்று 2021இல் சொன்னார்கள்.

சரி, உங்கள் திகதி போய்விட்டது. இப்போதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர், பித்தப்பைக் கல். இரண்டு தரம் தள்ளிவைத்தோம். பிறகு ஒருநாள் கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்தார். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போய்ப் பத்து நாளாம். “நீங்கள்தானே மிஸ் பொறுக்கச் சொன்னீங்கள்” என்றார். கல் இறங்கிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. முதல் நாளே வந்திருந்தால் அன்றைக்கே அவசர வரிசைக்கு மாற்றியிருப்போம். அந்த லிஸ்ட் கிழமைக்குக் கிழமை மாறும். அதை நாங்கள் அவருக்குச் சொல்லாமல் விட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ஆகவே தள்ளிவைத்தவுடன், “என்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?” என்று கேட்டு, கிளினிக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள். குடலிறக்கம் உள்ளே போகாமல் இறுகி வலித்தால், கல் உள்ளவருக்குக் காய்ச்சல் நடுக்கம் வந்தால், அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம் இரண்டு கொடுங்கள். வெளிநாட்டு மகனின் இலக்கம் மட்டும் போதாது. அப்புறம், ஒப்பரேஷனுக்காக நிறுத்திய இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் திரும்பத் தொடங்குவதா என்று அன்றே டொக்டரிடம் கேளுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.