ஒரு திட்டம், பல பணிப்பிரிவுகள்: வேலை மேலாண்மை மென்பொருளில் ஒழுங்கமைக்கும் முறை

மொரீஷியசில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தைப்பூச ஏற்பாடுகளை மென்பொருளுக்குள் கொண்டுவர முயன்ற எவருக்கும் முதல் நாளே ஒரு கேள்வி எழும். கோபுரத்துக்கு வண்ணம் பூசும் வேலையை எங்கே பதிவது? அது கட்டடப் பராமரிப்புப் பிரிவின் வேலை. கொடியேற்றத்துக்கு முன் முடிந்தாக வேண்டும் என்பதால் விழாப் பிரிவும் அதைக் கேட்கும். பணம் கொடுப்பது நிதிப் பிரிவு. மூவரும் தத்தம் பட்டியலில் அதை எழுதிக்கொண்டால், ஒரே வேலை மூன்று இடங்களில் மூன்று நிலைகளில் நிற்கும். எங்கள் சங்கத்தில் ஒருமுறை அன்னதானத்துக்கான வாழையிலை இப்படித்தான் இருமுறை வாங்கப்பட்டது. ஒரு பட்டியலில் "வாங்கியாயிற்று" என்றும் மற்றொன்றில் "இன்னும் இல்லை" என்றும் இருந்ததைப் பார்த்த தொண்டர் ஒருவர், நல்லெண்ணத்தோடு மீண்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆண்டு முழுதும் ஓயாமல் நடப்பவற்றையும், ஒரு நாளில் முடிந்துவிடுபவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். தமிழ் வகுப்புகள், கட்டடப் பராமரிப்பு, அன்னதானம், விழாக்கள், நிதி ஆகியவற்றுக்கு முடிவு நாள் கிடையாது, இவை பணிப்பிரிவுகள். 2026ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதியோடு முடிந்தது; அது ஒரு திட்டம். ஐயம் வந்தால் "இது என்றைக்கு முடியும்?" என்று கேட்டால் போதும், விடை இருந்தால் அது திட்டம். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். "விழாக்கள்" என்ற பெயரில் ஒரே திட்டத்தைத் தொடங்கி, தைப்பூசம், வருடப்பிறப்பு, தீபாவளி என எல்லாவற்றையும் அதற்குள் கொட்டிவிடுவதால், இரண்டே ஆண்டுகளில் எவராலும் படிக்க முடியாத நீளத்துக்கு அது வளர்ந்துவிடுகிறது.

அடுத்து, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே ஒரு சொந்தப் பிரிவைத் தீர்மானிக்க வேண்டும். யார் அதிகம் உழைக்கிறார்கள் என்பதைக் கொண்டு இதை முடிவு செய்தால் சண்டைதான் மிஞ்சும். தாமதமானால் நிர்வாகக் குழுவின் முன் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்பதே என் வழக்கம். அவருடைய பிரிவே அத்திட்டத்தின் வீடு. மற்றப் பிரிவுகள் அதைப் பார்க்கும், அதில் வேலை செய்யும், ஆனால் தமக்கென்று ஒரு நகலை வைத்துக்கொள்ளா. கோயிலில் மூலவர் கருவறையில் இருக்க, வீதியுலாவுக்கென்று உற்சவர் தனியே இருப்பது சரி. வேலைப் பட்டியலில் உற்சவரைச் செய்துவைத்தால் குழப்பமே வரும்.

ஆசனா என்னும் மென்பொருளில் இதைச் செய்வது எளிது. அங்கே ஒரு திட்டம் ஒரு குழுவுக்கே உரியது. அந்தக் குழுவையே சொந்தப் பிரிவாகக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பணிப்பிரிவுக்கும் ஒரு போர்ட்ஃபோலியோவை, அதாவது பல திட்டங்களை ஒருசேரக் காட்டும் தொகுப்பை, உருவாக்கி, அதே திட்டத்தைத் தேவையான போர்ட்ஃபோலியோக்கள் எல்லாவற்றிலும் சேருங்கள். போர்ட்ஃபோலியோ என்பது படி எடுப்பதில்லை, சுட்டிக்காட்டுகிறது. ஆகவே திட்டத்தின் நிலையறிக்கையை ஒருமுறை எழுதினால் எல்லாப் பிரிவினரும் அதையே காண்பார்கள். ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் இன்னொன்றை வைக்கவும் முடியும் என்பதால், நிர்வாகக் குழுவுக்கென மேலே ஒன்றை அமைத்து, பிரிவுகளை அதனுள் அடுக்கலாம். இவ்வசதி கட்டணச் சந்தாக்களுக்கே உரியது என்பதைப் பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. யார் எதைப் பார்க்கலாம் என்ற அமைப்பையும் ஊகத்துக்கு விட வேண்டாம். சாதாரண உறுப்பினர் ஒருவரை அருகில் அமர்த்தி, அவருடைய திரையில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

முழுத் திட்டமும் பொதுவாக இல்லாமல், ஒரு சில வேலைகள் மட்டும் இரு பிரிவுகளுக்குப் பொதுவாக இருப்பதே அதிகம் நேர்வது. கோபுர வண்ணப்பூச்சு அப்படிப்பட்டது. ஆசனாவில் ஒரே வேலையை அதிகபட்சம் 20 திட்டங்களில் சேர்க்கலாம். பொறுப்பாளர், முடிவு நாள், கருத்துரைகள் ஆகியவை எங்கே பார்த்தாலும் ஒன்றே. ஓரிடத்தில் முடிந்ததாகக் குறித்தால் எல்லா இடத்திலும் முடிந்ததாகிவிடும். எந்தப் பகுதியின் கீழ் நிற்கிறது என்பது மட்டும் திட்டத்துக்குத் திட்டம் மாறலாம். பராமரிப்புத் திட்டத்தில் "சாரம் கட்டியாயிற்று" என்ற பகுதியிலும், தைப்பூசத் திட்டத்தில் "கொடியேற்றத்துக்கு முன்" என்ற பகுதியிலும் அது இருப்பதில் முரண் ஏதும் இல்லை.

இதில் மூன்று இடறுகற்கள் உண்டு. முதலாவது, ஒரு வேலையின் கீழுள்ள துணைவேலைகள் தாய்வேலையோடு தாமாகத் திட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றைப் பட்டியலில் காண வேண்டுமானால் தனியே சேர்க்க வேண்டும். தாய்வேலையைச் சேர்த்தாயிற்று, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தவர்கள் விழாவுக்கு முந்தைய நாள் திகைத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, திட்டத்திலிருந்து நீக்குவதும் வேலையை அழிப்பதும் வேறு வேறு. தம் பட்டியலைச் சுத்தம் செய்வதாக நினைத்து அழிப்பவர் எல்லோருடைய பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிடுகிறார். மூன்றாவது பெரிது. ஒரு வேலையைப் புதிய திட்டத்தில் சேர்த்தால், அத்திட்டத்தின் உறுப்பினர்கள் அதன் பழைய கருத்துரைகளையும் இணைப்புகளையும் படிக்க முடியும். உதவித்தொகை கேட்ட குடும்பத்தின் நிலையும், நன்கொடையாளரின் தொகையும் எழுதப்பட்ட வேலையை விழாத் திட்டத்தில் சேர்ப்பது, கோயில் பலகையில் ஒட்டுவதற்குச் சமம். அவ்விடத்தில் மட்டும் விதியை மீறி, விவரமற்ற தனி வேலை ஒன்றை உருவாக்கி, இரண்டையும் சார்புநிலையால், அதாவது ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கும் என்ற குறிப்பால், இணையுங்கள்.

மற்ற மென்பொருள்களில் வழி மாறும். கிளிக்அப்பில் ஒரு வேலையைப் பல பட்டியல்களில் வைக்கும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஜிராவில் ஒரு வேலை ஒரே திட்டத்துக்கு உரியது. ஆனால் நிபந்தனைக்கேற்ப வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியின் மேல் அமைத்த பலகை பல திட்டங்களின் வேலைகளை ஒருசேரக் காட்டும். மண்டே மென்பொருளில் பலகைகளை இணைக்கும் நெடுவரிசையும், இணைத்த பலகையின் மதிப்பைப் பிரதிபலிக்கும் நெடுவரிசையும் உண்டு. கருவி எதுவாயினும், படியெடுக்கும் பொத்தானுக்கு முன் இவற்றைத் தேடுங்கள்.

புலங்களை, அதாவது வேலையின் விவரங்களை நிரப்பும் கட்டங்களைப் பற்றி ஒரு சொல். "நிலை", "செலவு மதிப்பீடு" போன்ற புலங்களை ஒவ்வொரு திட்டத்திலும் புதிதாக உருவாக்கினால், பெயர் ஒன்றாயிருந்தும் மென்பொருளுக்கு அவை வேறு வேறு. போர்ட்ஃபோலியோவில் ஒரே நெடுவரிசையாகத் தொகுக்க முடியாமல் போகும். அமைப்பு முழுவதற்கும் பொதுவான நூலகத்தில் ஒருமுறை உருவாக்கி, அதையே எடுத்துப் பயன்படுத்துங்கள். பெயரிடலிலும் கண்டிப்பு வேண்டும். நம் தீவில் இளைஞர்கள் கருத்துரைகளைக் கிரியோலில் எழுதுவார்கள், மூத்தவர்கள் பிரெஞ்சில் எழுதுவார்கள், தமிழாசிரியர் தமிழில் எழுதுவார். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் காவடியையும் தைப்பூசத்தையும் ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், தலைப்புகளுக்கு ஒரே வடிவம் இல்லையென்றால் தேடல் பயன்படாது. ஆண்டை முதலில் இட்டு, "2027 தைப்பூசம் – அன்னதானம்" என்பதுபோல் எழுதுவதை நான் பரிந்துரைக்கிறேன்.

தேதிகள் தனிக் கவனம் கேட்கின்றன. தைப்பூசம் 2025இல் பிப்ரவரி 11 அன்று வந்தது, அடுத்த ஆண்டு பத்து நாள் முன்னதாக வந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் எடுத்துப் பயன்படுத்தும் மாதிரித் திட்டமான வார்ப்புருவில் தேதிகளை நிலையாக எழுதாமல், விழா நாளுக்கு இத்தனை நாள் முன் என்று குறியுங்கள். கொடியேற்றத்துக்குப் பத்து நாள், சாரம் பிரிக்கப் பதினைந்து நாள் என்பதுபோல். விழா வரும் காலம் புயல் காலமும்கூட. 2024இல் பெலால் புயல் ஜனவரி 15 அன்று தீவைத் தாக்கியது. தைப்பூசம் அந்த மாதம் 25ஆம் தேதி. அதாவது விரதம் தொடங்க வேண்டிய வேளையில் போர்ட் லூயிஸ் வீதிகளில் வெள்ளம் ஓடியது. அத்தகைய நாளில் ஒரு தேதி தள்ளினால் யாருடைய எந்த வேலை அதனால் தடைபடும் என்பது உடனே தெரிய வேண்டும். அதற்காகவே, வெவ்வேறு திட்டங்களில் இருக்கும் வேலைகளானாலும் அவற்றுக்கிடையே சார்புநிலையைக் குறித்து வைக்க வேண்டும்: சாரம் பிரியாமல் பந்தல் இல்லை, பந்தல் இல்லாமல் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு இலை போட இடம் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து பூசைப் பொருள்களை வரவழைப்பதும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி. நம் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது என்பதால், பிற்பகல் நான்கரைக்கு அனுப்பும் செய்தி அங்கே மாலை ஆறு மணிக்குக் கடை மூடும் வேளையில் சேரும் என்பதை முடிவு நேரத்தில் கணக்கிடுங்கள்.

மாதம் ஒருமுறை பிரிவுத் தலைவர்கள் போர்ட்ஃபோலியோக்களை ஒன்றாகப் பார்த்தால் போதும். அப்போது ஒரு திட்டம் நான்கு, ஐந்து பிரிவுகளில் தென்பட்டால் அதைச் சந்தேகத்தோடு அணுகுங்கள்; பெரும்பாலும் அது ஒரு திட்டமே அல்ல, பல திட்டங்களாகப் பிரிக்கப்பட வேண்டியது. விழா முடிந்த இரண்டு வாரத்துக்குள், நினைவு மங்கும் முன், எந்த வேலை விடுபட்டது, எந்தக் கால அளவு போதவில்லை என்பதை வார்ப்புருவில் திருத்திவிட்டு, திட்டத்தை அழிக்காமல் காப்பகத்துக்கு அனுப்புங்கள். ஏப்ரல் நடுவில் வரும் வருடப்பிறப்புக்கு அதே வார்ப்புருவைத்தான் திறக்கப் போகிறோம்.