கி.மு. குழப்பத்தைத் தீர்த்த 5 மீட்டர் கயிறு

ஒன்பதாம் வகுப்பு உலக வரலாற்றில் அடிக்கடி வரும் பிழை: கிசா பிரமிடையும் கிளியோபாட்ராவையும் மாணவர்கள் ஒரே காலத்தில் வைத்துவிடுவார்கள். ‘பண்டைய எகிப்து’ என்ற தலைப்பு இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. தேதிகளை மனப்பாடம் செய்யவைத்தும் பயனில்லை. காலக்கோடாக வகுப்பில் கட்டிய கயிறுதான் கைகொடுத்தது.

கி.மு. 3000 முதல் கி.பி. 2000 வரை, ஆண்டுக்கு 1 மி.மீ. வீதம் 5 மீட்டர். இழுத்துக் கட்டிய பிறகே அளந்து குறியுங்கள். முன்பே குறித்தால் நைலான் நீண்டு அளவு பிசகும். பெரிய பிரமிடு சுமார் கி.மு. 2560, கிளியோபாட்ராவின் மறைவு கி.மு. 30. நடுவே இரண்டரை மீட்டர்! அவரிடமிருந்து நமக்கு இரண்டு மீட்டர்தான்.

கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது. கி.மு. 27இல் தொடங்கி கி.பி. 14இல் முடிந்த ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் ஆட்சி ஆண்டுகளைக் கூட்டினால் 41 வரும். 1 கழிக்க வேண்டும்.

கடைசி 55 செ.மீ.யில், நிகழ்வுகளை எழுதித் தொங்கவிடும் சீட்டுகள் நெரிசலாகிவிடும். 1453 (கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ச்சி), 1492 (கொலம்பஸ்), 1498 (வாஸ்கோ ட காமா), 1517 (மார்ட்டின் லூதர்) எல்லாம் ஆறரை செ.மீ.க்குள் அடைபடும். அதனால் 1450க்குப் பிறகு தனிக் கயிறு, ஆண்டுக்கு 1 செ.மீ. அதில் 1799ஐ மட்டும் நிறுத்தி நிதானமாக நடத்துங்கள்: மே மாதம் திப்பு வீழ்ந்தார், அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், நவம்பரில் நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைப் பிடித்தார். மூன்று சீட்டும் ஒரே சென்டிமீட்டரில்.