'மெட்டல்' ஏன் 'மெடல்' ஆனது? என் அனுபவம்

டல்லாஸில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுக் கும்பகோணம் திரும்பி, அரசலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். டிக்டேஷனில் 'மெட்டல்' என்றால் 'மெடல்' என்று எழுதினார்கள். 'ரைட்டர்' என்றால் 'ரைடர்'. நான்கு நாள் சத்தமாக, நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பெல்லிங் பயிற்சியும் கொடுத்தேன். பலனில்லை.

அப்புறம் என் குரலை போனில் பதிந்து கேட்டேன். 'டேபிள்', 'டீச்சர்' சரியாகவே இருந்தன. இரண்டு உயிரொலிக்கு நடுவில் வரும் 'ட்'டை மட்டும் அமெரிக்கர்களைப் போல நாக்கால் லேசாகத் தட்டிவிட்டுப் போகிறேன். நம் 'பாடு'வில் வருகிற ட மாதிரி! 'பாட்டு' சொல்லும்போது நாக்கு ஒரு கணம் அண்ணத்தில் நிற்கிறதே, அதுதான் விட்டுப்போயிருந்தது.

வகுப்புக்கு முன் 'பாடு, பாட்டு, மெடல், மெட்டல்' என்று பத்து முறை சொன்னேன். அன்றைக்கு எல்லா நோட்டிலும் 'மெட்டல்' சரியாக இருந்தது. நிம்மதி.