அடுத்த வேலைக்கும் உதவும் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொருளாதாரப் பாதுகாப்பு என்றதும் உயர்ந்த சம்பளமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இருக்கும் வேலை நாளை போய்விட்டால் இன்னொன்றை எவ்வளவு விரைவில் பெற முடியும் என்பதே அதைவிடச் சரியான அளவுகோல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும்போது, அந்தப் படிப்பை எத்தனை பணியிடங்கள் மதிக்கும் என்பதை முதலில் பாருங்கள்.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினார். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படும் பொதுப் பயிற்சி ஒரு வகை. ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் மதிப்புள்ள பயிற்சி இன்னொரு வகை. கணக்குப்பதிவு, மின்பணி, செவிலியப் பணி ஆகியவை முதல் வகையைச் சேரும். ஒரு நிறுவனம் தனக்கென உருவாக்கிய மென்பொருளை இயக்கக் கற்பது இரண்டாம் வகை. இரண்டாம் வகைப் பயிற்சிக்கான செலவை நிறுவனமே ஏற்கட்டும். உங்கள் சேமிப்பையும் உங்கள் இரவுகளையும் முதல் வகைக்கு ஒதுக்கி வையுங்கள்.

விரும்பும் பணிக்கான வேலை விளம்பரங்களில் இருபது முப்பதைச் சேகரித்து, அவற்றில் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் தகுதிகளைக் குறித்துக்கொண்டால், எந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவை என்பது ஓரளவு புலப்பட்டுவிடும். சட்டப்படி உரிமம் வேண்டிய தொழிலாக இருந்தால், நீங்கள் சேரவிருக்கும் பயிற்சி நிலையத்தை உரிமம் வழங்கும் அமைப்பு ஏற்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். நிலையத்தின் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

செலவுக் கணக்கில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கட்டணத்தை எழுதுபவர்கள், படிக்கும் காலத்தில் இழக்கும் சம்பளத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். ஒரு படிப்பின் கட்டணம் உங்களுடைய ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம் என்றும், அதற்காக ஓராண்டு வேலையை விடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது உண்மையான செலவு 18 மாதச் சம்பளம். படித்து முடித்த பின் சம்பளம் கால் பங்கு உயர்ந்தால், போட்ட முதல் திரும்பி வர 72 மாதங்கள், அதாவது ஆறு ஆண்டுகள் ஆகும். அதே படிப்பை அதே கட்டணத்தில், வேலையில் இருந்தபடியே மாலை வகுப்பாக முடித்தால், 24 மாதங்களிலேயே செலவு மீண்டுவிடும். கடன் வாங்கிப் படிப்பவர்கள் வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். முழுநேரப் படிப்பே சரியாக அமையும் சூழல்களும் உண்டு. அப்போதும் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே வேலையை விடுங்கள்.

பயிற்சி நிலையம் சொல்லும் வேலைவாய்ப்பு விகிதத்தைக் கேட்கும்போது, அது எத்தனை பேரில் கணக்கிட்டது என்றும் கேளுங்கள். 100 பேர் சேர்ந்து, 60 பேர் முடித்து, அவர்களில் 50 பேர் வேலைக்குப் பதிந்து, 45 பேர் வேலை பெற்றார்கள் எனில், 90 சதவீதம் என்று விளம்பரம் செய்வது பொய்யாகாது. ஆனால் இன்று சேரப்போகும் உங்களுக்குப் பொருந்தும் எண் 45 சதவீதம்தான். கிடைத்த வேலை படித்த துறையைச் சார்ந்ததா, ஓராண்டுக்குப் பிறகும் அவர்கள் அதில் இருக்கிறார்களா என்பதை முன்னாள் மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் விசாரிப்பது மிகவும் நல்லது.

சம்பாதித்துக்கொண்டே கற்கும் வழி கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். 1969-இல் முதலில் இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் வரும் ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியாளர் வாரத்தின் பெரும்பகுதியைப் பணியிடத்திலும் மீதியைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார். அதற்கு ஊதியமும் பெறுகிறார். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு இல்லாத இடங்களிலும் தொழில் பழகுநர் பயிற்சி ஏதோ ஒரு வடிவில் இருக்கக்கூடும். அதில் சேருமுன், பயிற்சிக் காலம், உதவித்தொகை, முடிவில் கிடைக்கும் சான்றிதழ் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகள் கைத்தொழில் செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதில்லை. முன்கற்றலை, அதாவது வேலையிலேயே ஏற்கெனவே கற்றதை, மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2004-இல் பரிந்துரைத்தது. அத்தகைய மதிப்பீடு உங்கள் தொழிலுக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கையில் இருக்கும் திறனுக்கே மீண்டும் கட்டணம் கட்டும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

படிப்பு முடிந்ததும் சான்றிதழோடு பாடத்திட்டத்தையும் பயிற்சி நேர விவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் முத்திரையுடன் கேட்டு வாங்கி, நகலெடுத்து வையுங்கள். வேறொரு நாட்டிலோ உயர்படிப்பிலோ உங்கள் தகுதியைச் சமமாக ஏற்பதா என்று முடிவுசெய்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்பார்கள். நிலையம் மூடப்பட்ட பின் இவற்றைத் தேடிப் பெறுவது மிகக் கடினம்.