ஆங்கிலம் கற்போரிடையே கலந்துரையாடலைத் தூண்டுவது எப்படி?

"இன்று பண்பாட்டைப் பற்றிப் பேசுவோம்" என்று ஆசிரியர் வகுப்பைத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையசைப்பார்கள், சற்று நேரத்தில் ஆசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார். கற்போரின் கூச்சத்தையும் சொற்பஞ்சத்தையும் இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவையும் காரணங்களே என்றாலும், அவற்றைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: பேசியே ஆக வேண்டும் என்ற தேவையை அந்தத் தலைப்பு எவருக்கும் உண்டாக்கவில்லை. பண்பாடு, சுற்றுச்சூழல், தொழில்நுட்பம் போன்ற தலைப்புகளில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதனாலேயே எதைச் சொல்வது என்று தெரியாமல் போகிறது. ஒரு முடிவை எடுத்தாக வேண்டும், அதில் எதிரில் இருப்பவர் நம்மோடு உடன்படவில்லை என்ற நிலை வரும்போது, அரைகுறை ஆங்கிலத்திலாவது மறுத்துப் பேசாமல் இருக்க முடியாது. ஆகவே, நல்ல தலைப்பைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, கையில் உள்ள தலைப்பை ஒரு முடிவெடுக்கும் வேலையாக மாற்றுவதற்குச் செலவிட வேண்டும்.

தலைப்பைச் சிக்கலாக மாற்றுதல்

மொழியைப் பாடமாக நடத்தாமல் பணிகளின் வழியே கற்பிக்கும் முயற்சியை 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய என். எஸ். பிரபு, வகுப்புப் பணிகளை மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர் கேட்டுப் பெறுவது முதல் வகை. தரப்பட்ட தகவல்களிலிருந்து சிந்தித்து ஒரு முடிவுக்கு வருவது இரண்டாம் வகை. சொந்த விருப்பத்தையும் உணர்வையும் வெளிப்படுத்துவது மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாவதற்கே அவர் முதலிடம் கொடுத்தார். உரையாடல் வகுப்பு நடத்துபவர்கள் பெரும்பாலும் நேராக மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். பிடிமானமாக எந்தத் தகவலும் தராமல் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பது, மொழியில் இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு மிகக் கடினமான கேள்வியாகும். முதலில் சிந்திப்பதற்கு ஒரு சூழலைக் கொடுத்தால், கருத்து தானாகவே பின்தொடரும்.

எடுத்துக்காட்டாக, "நேரம் தவறாமை முக்கியமா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அதையே பின்வருமாறு மாற்றலாம். ஒரு நண்பர் மாலை ஆறு மணிக்குத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறார். சரியாக ஆறு மணிக்குப் போவது, பத்து நிமிடம் கழித்துப் போவது, அரைமணி நேரம் கழித்துப் போவது, அரைமணி முன்னதாகவே போய் வேலையில் உதவுவது ஆகிய நான்கையும் மரியாதையானது முதல் மரியாதைக் குறைவானது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு அழைத்தவர் நண்பர் அல்லர், மேலதிகாரி என்று மாற்றி, வரிசை மாறுகிறதா என்று கேளுங்கள். வெவ்வேறு நாட்டவர் கூடிய வகுப்பில் மட்டுமன்று, ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பிலும் வரிசைகள் வேறுபடும். குடும்பத்துக்குக் குடும்பம், வயதுக்கு வயது வழக்கம் மாறுகிறது என்பதை அப்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். பரிசைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரிப்பதா, வயதில் மூத்த சக ஊழியரைப் பெயர் சொல்லி அழைப்பதா, பேச்சின் நடுவே வரும் மௌனத்தை உடனே நிரப்புவதா என்பனவும் இவ்வாறே நன்றாக வேலை செய்யும்.

அன்றாடச் சிக்கல்களுக்கு நான்கைந்து வாக்கியங்களில் எழுதிய சிறு நிகழ்வு போதும். இதைப் பாருங்கள்: பதினைந்து வயது மகளின் கைப்பேசிக்கு இரவு வெகுநேரம் வரை செய்திகள் வருகின்றன. தந்தை அவளுக்குத் தெரியாமல் அவற்றைப் படித்துவிட்டார். கவலைப்படும்படி அவற்றில் ஒன்றும் இல்லை. இப்போது அவர் மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா, மறைத்துவிடலாமா, படித்ததைச் சொல்லாமல் இரவில் கைப்பேசிக்குத் தடை மட்டும் போடலாமா? இந்த நிகழ்வின் உயிர் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. செய்திகளில் ஆபத்தான ஏதோ ஒன்று இருந்ததாக எழுதியிருந்தால், தந்தை செய்தது சரியே என்று எல்லோரும் உடன்பட்டுப் பேச்சு முடிந்திருக்கும். ஒன்றும் இல்லை என்பதனால்தான், தனியுரிமை பெரிதா, பெற்றோரின் பொறுப்பு பெரிதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. பேச்சு தளரத் தொடங்கும்போது, "மகள் இதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், அதுவரை எடுத்த முடிவுகளை எல்லாக் குழுக்களும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். நிகழ்வு எழுதும்போது இத்தகைய திருப்பம் ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்கும் கேள்விகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். விடை தெரிந்தே கேட்கும் கேள்வி சோதிக்கும். விடை தெரியாமல் கேட்கும் கேள்வியே பேசவைக்கும். இரண்டாவது வகைக் கேள்விகளுக்குக் கற்போர் தரும் பதில்கள் கூடுதல் நீளமாக இருப்பதை மொழிக் கல்வி ஆய்வாளர் சிந்தியா பிராக் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு கேள்வியைக் கேட்கும் முன், இதற்கு இவர் என்ன சொல்வார் என்பது நமக்கு உண்மையிலேயே தெரியாதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும்.

பேசுவதற்கு முன் தர வேண்டியவை

சூழல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், சொல்ல விரும்புவதற்கு உரிய மொழி கையில் இல்லாவிட்டால் பேச்சு எழாது. ஆகவே, நிகழ்வைப் படித்தவுடன் அதற்கு மிகவும் தேவையான ஆறேழு சொற்களை மட்டும் பலகையில் எழுதிவிட வேண்டும். மேற்கண்ட நிகழ்வுக்கு ட்ரஸ்ட், ப்ரைவசி, சீக்ரெட்லி, அபாலஜைஸ் போன்றவை போதும். இருபது சொற்களைப் பட்டியலிட்டால் அது சொற்பாடமாகிவிடும். பேச வந்தவர்கள் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். "ஹி ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் ஹர்" என்ற வாக்கிய அமைப்பும் இங்கே இயல்பாகவே தேவைப்படுகிறது. நடந்து முடிந்த செயலைக் குறை கூற இதைவிட எளிய வழி ஆங்கிலத்தில் இல்லை என்பதனால், இலக்கணப் பாடமாக நடத்தியபோது மனத்தில் ஏறாத அமைப்பை இப்போது அவர்களே தேடிக் கேட்பார்கள்.

சொற்களைவிட அடிக்கடி மறக்கப்படுவது உரையாடலை நடத்தும் தொடர்கள். மறுப்பதற்கு "ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்", புரியாதபோது "வாட் டூ யூ மீன் பை", நிபந்தனையோடு உடன்பட "இட் டிபெண்ட்ஸ் ஆன்", குறுக்கே பேசுபவரை நிறுத்த "கேன் ஐ ஃபினிஷ்?", அமைதியாக இருப்பவரை அழைக்க "வாட் அபவுட் யூ?" என்று ஐந்தாறு தொடர்களைச் சுவரில் நிரந்தரமாக ஒட்டி வைக்கலாம். மென்மையாக மறுக்கத் தெரியாததால் உடன்படுவது போல நடிப்பவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொடர்கள் பெரும் துணை. எந்த நிலையினரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு, மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும், 2001இல் வெளியான ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகம் நல்ல வழிகாட்டி. ஏ2 நிலையில் உள்ளவர் பிறருடன் உடன்படவும் மறுக்கவும் முடிந்தால் போதும் என்கிறது அது. காரணங்களோடு தம் கருத்தை நிலைநிறுத்துவதை பி2 நிலையில்தான் எதிர்பார்க்கிறது. ஏ2 வகுப்பில் நீண்ட வாதங்கள் எழவில்லையே என்று வருந்தத் தேவையில்லை.

அடுத்தது சிந்திக்கும் நேரம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாவதோடு பதில் சொல்ல முன்வருபவர்களும் கூடுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970களில் எடுத்துக்காட்டினார். அது தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகளைப் பற்றியது. வேற்று மொழியில் சிந்தித்து, சொல் தேடி, வாக்கியம் அமைக்க வேண்டியவருக்கு மூன்று நொடிகள் எம்மாத்திரம்? எனவே, பேச்சுக்கு முன் மூன்று நிமிடமாவது எழுதவிட வேண்டும். முழு வாக்கியங்கள் வேண்டாம். தம் முடிவையும் அதற்கான இரண்டு காரணங்களையும் குறிப்பாக எழுதினால் போதும். அந்த நேரத்தில் தாய்மொழியில் எழுதிக்கொள்ள விரும்புபவர்களைத் தடுக்கக் கூடாது. கருத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் தேடும் சுமையைக் குறைப்பதே இங்கே நோக்கம்.

குழுக்களை அமைத்தல்

முதலில் இருவராகவும், பிறகு நால்வராகவும் பேசவைப்பதே நம்பகமான வழி. தனியே எண்ணி, இணையோடு பேசி, பின் எல்லோர் முன்னிலையிலும் பகிரும் முறையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். மொழி வகுப்புக்கு அது இன்றும் மிகப் பொருத்தமானது, ஏனெனில் வகுப்பு முழுவதன் முன் வாய் திறப்பதற்குள் ஒருவர் அதே கருத்தை ஒரு முறையாவது சொல்லிப் பார்த்திருப்பார். ஐந்து பேருக்கு மேற்பட்ட குழுவில் ஒருவராவது வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார்.

ஒருவரே ஆதிக்கம் செலுத்தும் குழுவை அறிவுரையால் மாற்ற முடியாது; தகவலைப் பிரித்துக் கொடுப்பதே பயன் தரும். 1971இல் சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் டெக்சாசு மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெவ்வேறு இனப் பின்னணி கொண்ட மாணவர்களிடையே இருந்த பகைமையைத் தணிக்க வகுத்த முறை இதற்கு உதவும். ஒவ்வொருவருக்கும் பாடத்தின் ஒரு பகுதி மட்டும் தரப்பட்டதால், எவரையும் ஒதுக்கிவிட்டு வேலையை முடிக்க முடியாத நிலை ஏற்பட்டது. மேற்கண்ட நிகழ்வையே தந்தை, மகள், தாய், மகளின் தோழி ஆகிய நால்வரின் பார்வையில் நான்கு சீட்டுகளாக எழுதி, ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காமல் பேசச் சொன்னால், குழுவிலேயே அதிகம் தயங்குபவரிடமும் மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கும்.

உணர்வைத் தொடும் தலைப்புகள்

ஆங்கிலப் பாடநூல் வெளியீட்டாளர்கள் அரசியல், மதம், மது, பாலுறவு, போதைப்பொருள் போன்றவற்றை நெடுங்காலமாகவே தவிர்த்து வருகிறார்கள். உலகெங்கும் விற்க வேண்டிய நூலுக்கு அது பொருந்தலாம். தம் எதிரில் இருப்பவர்களை அறிந்த ஆசிரியர் அவ்வளவு அஞ்சத் தேவையில்லை. ஆனால் சில காப்புகள் கட்டாயம் வேண்டும். "உங்கள் நாட்டில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்பது, ஒருவரை ஒரு நாட்டுக்கே பதில் சொல்பவராக நிறுத்துவதாகும், பல நேரங்களில் அது குற்றச்சாட்டாகவும் ஒலிக்கும். "நீங்கள் வளர்ந்த வீட்டில் சமையல், துப்புரவு, கணக்கு வழக்கு ஆகியவற்றை யார் யார் பார்த்துக்கொண்டார்கள்? அது இப்போது மாறியிருக்கிறதா?" என்று கேட்டால் அதே பொருள் பற்றிய பேச்சு அனுபவத்திலிருந்து தொடங்கும். வீட்டைப் பற்றிப் பேச விரும்பாதவர்களுக்குக் கற்பனை மனிதர்களைக் கொண்ட நிகழ்வு ஒரு திரையாக உதவும். தம்மைப் பற்றியே பேசினாலும், அதை வேறொருவர் பெயரில் பேச முடிகிறது. பதில் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்பதை முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

பேச்சு நடக்கும்போதும் அதன் பிறகும்

குழுக்கள் பேசத் தொடங்கியபின் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை ஒதுங்கி நிற்பது. பொருள் புரியாமல் பேச்சு நின்றுபோனால் மட்டும் குறுக்கிடலாம். மற்றப் பிழைகளைக் குறித்துக்கொண்டால் போதும். தந்தையின் செயலுக்காக ஒருவர் உண்மையான சினத்தோடு வாதாடும்போது வினைச்சொல்லின் காலத்தைத் திருத்தினால், அவர் சொல்ல வந்தது நமக்கு ஒரு பொருட்டன்று என்றே அவர் எடுத்துக்கொள்வார். எல்லாம் முடிந்தபின் ஐந்தாறு வாக்கியங்களை, சொன்னவர் பெயரில்லாமல், பலகையில் எழுதி வகுப்பே திருத்தும்படி செய்யலாம். அவற்றில் குறைந்தது இரண்டு நன்றாக அமைந்த வாக்கியங்களாக இருக்கட்டும்.

ஒவ்வொரு குழுவும் தன் முடிவை மட்டுமன்றி, குழுவுக்குள் உடன்படாதவர் யார், ஏன் உடன்படவில்லை என்பதையும் அறிவிக்க வேண்டும் என்ற விதி மிகவும் பயனுள்ளது. அந்த மறுப்பை முடிவோடு உடன்பட்டவர் ஒருவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தால், எதிர்த்தரப்பை உன்னிப்பாகக் கேட்காமல் எவரும் தப்ப முடியாது.

நேரம் மீதமிருந்தால் புதிய தலைப்புக்குத் தாவாமல், அதே கருத்தை வேறொருவரிடம் மீண்டும் சொல்லவைக்கலாம். முதல் கேட்பவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, மூன்றாமவரிடம் இரண்டு என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் பயிற்சி பேச்சின் சரளத்தைக் கூட்டுகிறது என்பதை மொழியியலாளர் பால் நேஷனின் ஆய்வு காட்டியிருக்கிறது. கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால், சொன்னதையே சொல்கிறோம் என்ற சலிப்பு பேசுபவருக்கு ஏற்படுவதில்லை. வகுப்பின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பைக் கடைசியில் எடுத்து, தம் முடிவு மாறியிருந்தால் எந்தக் காரணம் அதை மாற்றியது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வகுப்புக்கான நிகழ்வை எழுத அந்தத் தாள்களே போதும். எந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை என்பது அவற்றிலேயே இருக்கும்.