நர்சிங் வகுப்பில் அறவியலைத் தொடங்க ஒரு வழி

கான்ட், மில் என்று தத்துவவாதிகளின் பெயர்களைப் போர்டில் எழுதிவிட்டு ஆரம்பித்தால் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். நான் எப்போதும் ஒரு கையெழுத்திலிருந்துதான் தொடங்குவேன்.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்லி வழக்கு அது. 44 வயதுப் பெண், லேப்பராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) பரிசோதனைக்குச் சம்மதித்து, மயக்க மருந்தில் இருக்கிறார். வெளியே காத்திருந்த அம்மாவிடம் மருத்துவர் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார். இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். தீர்ப்பைச் சொல்லாதீர்கள். "அம்மாதானே மேம், அவங்க போட்டா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், நம் வார்டுகளிலும் பல நேரம் நடப்பது அதுதானே.

கை தூக்கச் சொல்லி வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 'ஒரே மயக்கத்தில் முடிந்தால் அவருக்கு நல்லதுதானே' என்பவர்களுக்கு, விளைவை வைத்து முடிவெடுக்கும் பயன்வழிக் கொள்கையைக் காட்டலாம். 'அவர் உடம்பு, அவரைத்தான் கேட்கணும்' என்பவர்களுக்கு, மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற கான்ட். இப்போது பெயர்கள் மனதில் நிற்கும். மில்லை மட்டும் ஒரு தரப்பில் அடைத்துவிடாதீர்கள். பயன்வழிக் கொள்கை பேசிய அதே ஆள்தான், தன் உடல்மீது தனிமனிதருக்கே அதிகாரம் என்று 1859-இல் எழுதினார்.

அப்புறம் தீர்ப்பு: உயிருக்கு ஆபத்தில்லை, நோயாளி சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது.

மருத்துவ அறவியலாளர்கள் பீச்சம், சில்ட்ரெஸ் இருவரின் நான்கு கோட்பாடுகளை (சுயநிர்ணயம், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி) அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கொடுத்தால் பிள்ளைகள் அதை டிக் அடிக்கும் பட்டியலாக்கிவிடுவார்கள்.