ஜெய்சால்மர் பாலைவனப் பூங்கா: மணல்மேட்டோடு திரும்பிவிடாமல் பார்ப்பது எப்படி?

முதல் முறை போனபோது சம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி, சூரியன் மறைவதைப் படம் எடுத்துவிட்டு, பாலைவனத் தேசியப் பூங்காவைப் பார்த்தாச்சு என்று ஊர் திரும்பியவன் நான். பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர், அதில் மணல்மேடு ஐந்தில் ஒரு பங்குதான் என்று பிறகுதான் தெரிந்தது. மீதியெல்லாம் புல்வெளி, பாறை, கெட்டித்தரை. இரண்டாம் முறை செய்தது இது.

1. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம்.

2. நான் சறுக்கிய இடம் இதுதான். "பாலைவனம் பார்க்கணும்" என்றால் எந்த வண்டிக்காரரும் நேராக சம்முக்குத்தான் ஓட்டுவார், அவர் மேல் தப்பில்லை, கேட்பவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் "சுதாசரி" பகுதியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், கூடவே "கோடாவன் பார்க்க" என்றும் சொல்லுங்கள். புல்வெளியில் வாழும் பெரிய பறவையான நம் கானமயிலுக்கு (Great Indian Bustard) அங்கே அதுதான் பெயர், ராஜஸ்தானின் மாநிலப் பறவையும்கூட. அனுமதி பற்றி முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

3. இருட்டோடு கிளம்புங்கள். வெயில் ஏறினால் தரைக்கு மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும், தூரத்தில் நிற்பது பறவையா புதரா என்றே தெரியாது. இதனால்தான் பைனாகுலரில் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42-ஐ விட எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 தான் என் கட்சி: பெரிதாக்கினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும், கையும் ஆடும்.

4. வண்டித்தடத்தை விட்டு இறங்காதீர்கள். கானமயில் தரையிலேயே, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், ஒரு டயர் ஏறினால் அந்த முட்டை போச்சு. ஏற்கெனவே மின்கம்பிகளில் மோதிச் சாவது வேறு. இந்தப் பறவையின் கண்ணுக்குப் பக்கவாட்டில் தெரிகிற அளவு நேர் எதிரே தெரியாது, உடம்போ கனம், கம்பி கண்ணில் படும்போது திரும்ப நேரமிருக்காது.

சிங்காரா மான், பாலைவன நரி, கழுகு இனங்கள் எல்லாம் கண்ணில் படலாம். மரங்களில் கேஜ்ரி என்று காட்டுவார்கள், அது நம்மூர் வன்னி மரம்தான்!

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் போன ஒருவர் விடியற்காலைக் குளிரில் நடுங்கியதாக எழுதியிருந்தார். ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன், ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். "கானமயில் நிச்சயம் தெரியுமா" என்று இன்னொருவர் கேட்டார். நிச்சயமில்லை. எனக்கே மூன்றாவது நாள் காலையில்தான், அதுவும் புல்லுக்கு மேலே கழுத்து மட்டும்.